சத்தம் வராத வண்டி

வால்பாறை மலைப்பாதை, பதினேழாவது கொண்டை ஊசி வளைவு. என் புது மின்சாரக் காரும் மேலிருந்து இறங்கிய எஸ்டேட் ஜீப்பும் ஒரு முழ இடைவெளியில் நிற்கின்றன. மஞ்சு மூடிய பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஜீப்காரர் நிதானமாக இறங்கி வருகிறார்.

"ஏனுங்க, இஞ்சினை அமத்திப்போட்டுங்களா மலை ஏறறீங்க?"

"இது கரண்டு வண்டிங்க. சத்தமே வராது. அதுதான் இதோட அழகே" என்கிறேன். கார் விமர்சனம் எழுதும் நான் புதுக் கார்களில் முதலில் புகழ்வது இந்த அமைதியைத்தான்.

"அழகுதானுங்க. ஆனா மஞ்சு எறங்கீட்டா நாங்க காதுலதானுங்க வண்டி ஓட்டறோம். ஏறற வண்டி மொனகறது கேட்டாத்தான் முன்னாலயே ஒதுங்குவோம்."

ஏறும் வண்டிக்கு வழிவிட்டு அவரே பின்னால் எடுக்கிறார். அடுத்த வளைவு வருகிறது. ஹாரன் அடிப்பவர்களைத் திட்டியே பழகிய நான், ஹாரனில் வைத்த கையை எடுக்காமலே திருப்புகிறேன்.