வாலுள்ள டாபர்மேன்

பாறசாலைப் பக்கம் வாலோடு திரிந்த டாபர்மேனை யாராவது பார்த்திருந்தால், அது எங்கள் வீட்டு நாயாகத்தான் இருக்கும். தொண்ணூறுகளில் கல்ஃப் பணம் வந்த வீடுகளில் டாபர்மேன் வேண்டும். அதற்கு வால் இருக்கக் கூடாது. என் அண்ணன் அந்தக் குட்டிகளைத்தான் விற்கக் கிளம்பினான். திருவனந்தபுரத்திலிருந்து ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெட்டையையும் வாங்கிவந்து, அவற்றையே இணைசேர்த்தான். கேட்டால், "வேற ரத்தம் கலந்தா பின்ன அது என்ன சாதி? இது சுத்த ரத்தமாக்கும்" என்பான். கூடப் பிறந்ததுகளைச் சேர்த்துவிட்டு வாய்க்கு வாய் சுத்தம், சுத்தம்! சவத்து மனுசன்.

முதல் ஈற்றுக் குட்டிகளுக்கு வால் நறுக்கச் செங்கல் என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தார். குட்டிகளைப் பிடித்துக்கொண்டவள் நான். கண்கூடத் திறக்காதவை. வெட்டிய இடத்தில் ஊர் வழக்கப்படி காப்பிப்பொடி வைத்து அமுக்கினோம். பொடி நனைந்து வழிந்தது. மறுபடி வைத்தோம். ரத்தம் நிற்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாகச் சூடு தணிந்து செத்தன. வெட்டாமல் மிஞ்சிய ஒரே குட்டியை நான் முந்தானையில் சுருட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டேன்.

நெய்யாற்றின்கரை மிருக டாக்டரிடம் அதைத் தூக்கிப்போனேன். பரிசோதித்துவிட்டு, "ரத்தம் உறையாத சீக்கு. பிறவியிலேயே வாறது. தாய்க்கும் தகப்பனுக்கும் உண்டு, வெளிய தெரியாது. இனி அதுகளைச் சேர்க்கக் கூடாது. சும்மா எங்கயாவது இடிச்சாலே உள்ள ரத்தம் கட்டி வீங்கும், ஈறு கசியும். இவன் மேல கத்தி, பிளேடு ஒண்ணும் படாம பாத்துக்கோ" என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். "சுத்த ரத்தத்தில எங்கட்டி சீக்கு? வெட்டினவனுக்குக் கைராசி இல்ல" என்றான்.

வால் இருந்ததால் அவனை யாரும் வாங்கவில்லை. எனக்கே கிடைத்தான். வேலியிலிருந்த முள்கம்பியைப் பிடுங்கிப் போட்டுக் கயிறு கட்டினேன். மீனில் முள் பொறுக்கித்தான் சோறு பிசைவேன். "பெத்த பிள்ளையக்கூட இப்பிடிப் பாக்க மாட்டாவ" என்பாள் அம்மா. எனக்குப் பிள்ளை இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன! அவன் வாலை வீசி முற்றத்துச் செம்பையெல்லாம் உருட்டிவிடுவான். அந்த வாலைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு கர்வம்.

ஒருநாள் காலை ரப்பர் தோட்டத்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்தான். முன்னங்கால் வீங்கியிருந்தது. ஈறில் ரத்தம்.

"அணலி கடிச்சிருக்கு!" என்று அண்ணன் கத்தினான்.

கண்ணாடி விரியனை நாங்கள் அணலி என்போம். அது கடித்தாலும் இப்படித்தான் கால் வீங்கும், ஈறு கசியும். ரப்பர்ச் சருகுக்குள் அணலி கிடப்பதும் புதிதில்லை. அயல்காரர்களும் அண்ணனோடு சேர்ந்து தலையாட்டினார்கள். நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, இது அந்தச் சீக்கு. உனக்குப் புண்ணியமா போகும், கத்தி மட்டும் வைக்க விடாத. நான் டாக்டரைக் கூட்டிட்டு வாறேன்."

"செரி மக்கா, நீ போ."

டாக்டரோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது முற்றத்தில் விஷ வைத்தியர் கை கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன்தான் ஆளனுப்பி வரவழைத்திருக்கிறான். விஷ ரத்தம் ஒழுகிப் போகட்டும் என்று வீங்கிய காலைக் கீறிவிட்டிருந்தார். என்னைக் கண்டதும் அவன் வால் ஒருமுறை தரையில் தட்டியது. டாக்டர் துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கையை எடுத்துவிட்டார்.

"கொன்னுட்டியே பாவி!" என்று அண்ணனின் சட்டையைப் பிடித்தேன். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான். "அணலி கடிச்சா மனுசனே பிழைக்க மாட்டான் மக்கா, நாயி பிழைக்குமா?" என்றான். அந்த அழுகை நடிப்பில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நடித்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

மழைக்காலத்துக்கு முன் பெட்டை மறுபடி ஈன்றது. அதே ஜோடிதான். வால் நறுக்க இந்த முறை தனுவச்சபுரத்து ஆள்.

"இவன் நல்ல கைராசிக்காரனாக்கும். வந்து குட்டியப் பிடிச்சுக்கோ" என்று அண்ணன் கூப்பிட்டான்.

வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கேட்கவில்லை. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா போய்ப் பிடித்தாள். குட்டிகள் கீச்சிட்டது சுவரைத் தாண்டிக் கேட்டது. பிறகு அண்ணன் கதவைத் தட்டினான்.

"எட்டி, கொஞ்சம் காப்பிப்பொடி தா."

டப்பாவை நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டினான்.