வசவு வரிசையில் பென்ஹாலிகன்

ஆட்டத்தில் தோற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கு, நெரிடாவின் பேக்கரி வரிசையில் கடைசி ஆளாக டாரல் பென்ஹாலிகன் நிற்பார். ரொட்டிக்காக அல்ல, வசவுக்காக. ஜெயித்த மறுநாள் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார். மற்ற ஆட்டக்காரர்கள் தோற்றால் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு சந்து வழியாக நழுவுவார்கள். இவருக்கு ஆறடி நாலங்குலம். ஒளிக்க இடம் கிடையாது, எண்ணமும் கிடையாது.

ஆஸ்திரேலியாவின் மக்காய் ஊரில், 'நாரைகள்' என்ற கூடைப்பந்து அணியில் இது அவருக்குப் பதினாலாவது பருவம். ஏழு பயிற்சியாளர்கள் வந்து போனார்கள்; பருவத்துக்குப் பருவம் கூலிக்கு வந்து ஆடிவிட்டுப் போன அமெரிக்கர்களை எண்ணி மாளாது. மாறாமல் இருப்பவை இரண்டு: அரங்கத்தின் ஒழுகும் கூரை, டாரல். கூரையை மாற்றத் தீர்மானமாவது போட்டிருக்கிறார்கள்.

நேற்று ஒரு புள்ளியில் தோல்வி. கடைசி நொடியில், யாரும் மறிக்காமல் டாரல் போட்ட இரண்டு ஃப்ரீ த்ரோவும் வளையத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டன.

"எங்க வீட்டு நாய் வாலால தட்டியிருந்தாகூட ஒண்ணாவது உள்ள போயிருக்கும்யா!" என்றார் வரிசையில் நின்ற கரும்பாலைத் தொழிலாளி டூலன்.

"அனுப்பி வைங்கண்ணே. அதுக்கு முட்டியாவது நல்லாருக்கும்" என்றார் டாரல்.

வரிசை சிரித்தது. ஆனால் எல்லோர் கண்ணும் கடிகாரத்தில் இருந்தது. தெற்கே ஒரு சாம்பியன் அணி அடுத்த பருவத்துக்கு டாரலைக் கேட்டிருக்கிறது. ஏழரைக்கு ஏஜென்ட் போனில் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் இடம் வேறொருவருக்கு. முப்பத்தாறு வயதில், ஒரு கோப்பையையும் தொடாத கைக்கு இனி இப்படி வாய்ப்பு வராது. ஊருக்கே தெரியும்.

"அப்ப போறியா?" என்றாள் நெரிடா.

"அங்க தோத்தா யார்கிட்ட போய் நிக்கிறதுன்னு யோசிக்கிறேன்."

"அவங்க தோக்கவே மாட்டாங்களாமே!"

"அதாங்க்கா பயமா இருக்கு."

"போறதோ இருக்கிறதோ, மொதல்ல அந்த முழங்கையச் சரி பண்ணு. கோழி றெக்க மாதிரி விரியுது. தூக்கு!"

டாரல் பந்து எறிவதுபோல இரு கைகளையும் தூக்கினார். நெரிடா மேசையைச் சுற்றி வந்து, மாவுக் கையால் அவர் முழங்கையை உள்ளே தள்ளினாள்.

"இன்னும் உள்ள. ம்... அப்படியே இரு."

சட்டைப்பையில் போன் அடித்தது. வரிசை முழுக்க அந்தப் பையையே பார்த்தது.

"எடுப்பா டேய்!" என்றார் டூலன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இல்லாத பந்தை ஏந்திய கைகளை, மணி ஓயும்வரை டாரல் இறக்கவேயில்லை.