துளை தப்பிய தட்டு

தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இசைத்தட்டு அடிக்கும் கூடத்தின் கோடியில், சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி. பதினான்கு வருடமாக அந்த நாற்காலி அவளுடையது. வெளியே இயந்திரங்கள் சூடான பிளாஸ்டிக்கை இரண்டு அச்சுத் தகடுகளுக்கு நடுவே வைத்து நசுக்கி அரை நிமிடத்துக்கு ஒரு தட்டைத் துப்பிக்கொண்டே இருக்கும். நூற்றுக்கு ஒன்று அவள் மேசைக்கு வரும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேட்பாள். சரியாக இருந்தால் அந்த நூறு தட்டுக் கட்டின் உறைகளுக்குள் அவள் எண் அச்சடித்த துண்டுச்சீட்டு போகும். எண் நான்கு. சரியில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர். கட்டு மொத்தமும் அரவைக்குப் போய்ப் பிளாஸ்டிக் மணியாகத் திரும்பி வரும்.

அந்த வேலைக்கு அவளைத் தயார் செய்தவன் அவளுடைய கொழுந்தன். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குப் பாட்டு என்றால் சமையல் செய்யும்போது பின்னால் ஓடும் சத்தம், அவ்வளவுதான். கொழுந்தன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணி, சும்மா இருங்க, இப்ப அவங்க மூச்சு எடுப்பாங்க பாருங்க" என்பான். பாடகி மூச்செடுப்பது நிஜமாகவே கேட்கும். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பாடகியைத் தவிர வேறு கதி இல்லை. கணவர் பேருந்து ஓட்டுகிறவர். ஹாரன் சத்தத்தில் பாதி செவிடு. வீட்டில் அவளோடு சேர்ந்து கேட்க ஒரே ஒரு ஆள், அந்தப் பையன்தான்.

பையனுக்கு இப்போது நாற்பது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, மாடியறையில் வாசம். கல்யாணம் ஆகவில்லை. வருகிற பெண் துணிமணி வைக்க ஒரு அலமாரி கேட்பாள் என்று அவனுக்குப் பயம். ஆயிரத்துச் சொச்சம் ரெக்கார்டு சேர்த்திருக்கிறான். அதில் முக்கால்வாசி கண்ணாடித்தாள் உறை பிரிக்காதவை. பிரித்தால் மதிப்புக் குறைந்துவிடுமாம். கேட்காத பாட்டுக்கு என்ன மதிப்பு என்று அவள் ஒருமுறை கேட்டாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் பச்சாதாபம் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவர்கள் பாடகி ஒன்பது வருடமாகப் புதிதாக எதுவும் பாடி வெளியிடவில்லை. ஒருநாள் வெளியிட்டால், அதைப் போட்டுக் கேட்டால், இவன் பழையபடி தரையில் படுத்துக் கண்ணை மூடிவிடுவான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

புதிய ஆல்பம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. தட்டு அடிக்கும் வேலை அவள் தொழிற்சாலைக்கே வந்து சேர்ந்தது. கறுப்புத் தட்டு பல ஆயிரம், அதோடு சேகரிப்பவர்களுக்கென்று பால் வெள்ளை நிறத்தில் நானூறு. கொழுந்தன் வெள்ளையில் மூன்றுக்கு முன்பதிவு செய்தான். ஒன்று வைத்துக்கொள்ள, ஒன்று பின்னாளில் விற்க, ஒன்று அண்ணிக்கு.

"உங்களுக்குத்தான் அண்ணி. ஒண்ணா உக்காந்து கேப்போம்" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசல் வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தாள்.

தொழிற்சாலையில் அந்த ஆல்பத்தை முதலில் கேட்டவள் அவள்தான். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். கறுப்புத் தட்டுகள் எல்லாம் பழுதில்லை. இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில் பாடகி ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, வாத்தியம் எல்லாம் நின்ற பிறகும் தனியாக நிறுத்திக்கொண்டு நிற்கிறாள். வயதான குரல்தான். ஆனால் இம்மி அசையவில்லை. காதக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு வருடத்தில் வேலை நேரத்தில் அவள் அழுதது அன்று ஒருநாள்தான்.

வெள்ளைத் தட்டு வந்ததும் அதே இடத்துக்காகக் காத்திருந்தாள். முள்ளைத் தாங்கும் கை இப்படியும் அப்படியும் ஆடியது. பாட்டு உள்வட்டத்துக்குப் போகப் போக ஆட்டம் அதிகமாகி, அந்த ஒற்றை ஸ்வரம் மேலே ஏறி, கீழே இறங்கி, போதை ஏறியவன் நடை மாதிரி தள்ளாடியது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டாம் பக்கத்து அச்சுத் தகட்டில் நடுத்துளையை யாரோ அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அந்தத் தகட்டில் அடித்த நானூறும் இப்படித்தான் பாடும். சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, மேற்பார்வையாளரை வரச்சொன்னாள்.

அவர் வாசலில் நின்றபடியே கேட்டார். "என்னம்மா, கீறலா?"

"துளை தப்பியிருக்கு சார். நானூறையும் அரைக்கணும். தகடு புதுசாப் போடணும்."

"வெள்ளிக்கிழமை கடைக்குப் போகணும்மா. தகடு வர பத்து நாள் ஆகும்."

"அதுக்காக? இதக் கேட்டா வாந்தி வரும் சார்."

மேற்பார்வையாளர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளுக்கு லீவு விட்டால் லீவு தரத் தெரிந்தவர். "வெள்ளைத் தட்டு வாங்குறவன் யாரும்மா போட்டுக் கேக்கப் போறான்? அட்டைய முகர்ந்து பாத்துட்டு அலமாரியில வெச்சிடுவான். நீ மனசப் போட்டு அலட்டிக்காத."

அவள் தன் எண் சீட்டைப் போட மறுத்தாள். அவரும் வற்புறுத்தவில்லை. தன் சீட்டு இல்லாமல் எதுவும் வெளியே போகாது, அரவைக்குப் போயிருக்கும் என்றே நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வெள்ளைத் தட்டு தாமதமாகும் என்று கொழுந்தனிடம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. எழுதிக் கொடுத்த சத்தியத்தை நினைத்து வாயைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று வெள்ளைத் தட்டும் வீட்டுக்கே வந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியில் கூட்டம். கொழுந்தனின் சகாக்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் வங்கியில் காசாளர். வந்ததும் வராததுமாக இருவரும் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் மாதிரி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். பிறகு அவரவர் வெள்ளைத் தட்டைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அட்டையின் மூலைகளை ஆராய்ந்தார்கள். பல் டாக்டர் கையோடு பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். காசாளர் உறைமேல் மூக்கை வைத்து ஆழமாக இழுத்துக் கண் சொருகினார். காதக்கா தேநீர்த் தட்டோடு நின்றாள். மூக்கு பட்ட இடத்தில் பனித்த ஈரம் காய்வதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பது வருடம் காத்திருந்தவர்கள். ஆனால் யார் தட்டைப் பிரிப்பது என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் காசாளருடையது பலியானது. தபாலில் வந்தபோது அதன் மூலை லேசாக நசுங்கியிருந்ததாம். "இது எப்படியும் செத்த ரெக்கார்டுதான்" என்று அவரே தாரை வார்த்துக் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. காதக்கா குனிந்து எடுத்தாள். எண் நான்கு.

அவள் போடாத சீட்டு. யாரோ கத்தையாக எடுத்து நானூறு உறையிலும் செருகியிருக்கிறார்கள். அவளுக்குக் காது மடல்வரை சூடு ஏறியது. பதினான்கு வருடமாகக் காப்பாற்றிய ஒரு எண், எச்சில் துப்பிய கைக்குட்டை மாதிரி அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. உறையின் அச்சுத் தரத்தைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அது ஓடி முடிந்துவிட்டது. இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டில்தான் பேச்சு நின்றது. பாடகியின் குரல் தள்ளாடியது.

"நடுங்குது பாத்தீங்களா?" என்றார் பல் டாக்டர். அவர் குரலும் நடுங்கியது. "வயசு சார். வாழ்க்கையில பட்ட அடி எல்லாம் இந்த ஒரு இடத்துல வந்துடுச்சு."

"இந்தத் துணிச்சல் வேற யாருக்கு வரும்?" என்றார் காசாளர். "தன்னோட தளர்ச்சிய மறைக்காமப் பாடியிருக்காங்க."

கொழுந்தன் மெதுவாகத் தலையாட்டினான். அவளைப் பார்த்து, "அண்ணி, நீங்களும் இத வேலையில கேட்டிருப்பீங்களே. அழுதீங்களா இல்லையா?" என்றான்.

காதக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அவங்க நடுங்கல. தட்டுத்தான் ஆடுது. அந்தக் கையப் பாருங்க, எப்படி ஆடுதுன்னு. துளையத் தள்ளிப் போட்டுட்டாங்க. அந்தம்மா கல்லு மாதிரி நின்னு பாடியிருக்காங்க. நான் கேட்டேன்."

மூவரும் பிளேயரைப் பார்த்தார்கள். முள்ளின் கை ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். குறைந்தபட்சம் அந்தப் பாடகிக்காகக் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தாள்.

காசாளர்தான் முதலில் எழுந்தார். "அப்ப இது பிழை அச்சு!" என்றார், லாட்டரி விழுந்தவர் மாதிரி. "மேடம், எத்தனை பீஸ் வெளிய போச்சு? மிச்சத்த அரைச்சுடுவாங்களா? அரைச்சாத்தான் நல்லது!" செத்த ரெக்கார்டு என்று சொன்னதை ஓடுகிற பிளேயரிலிருந்து பிடுங்கி, சட்டை முனையால் துடைத்து, குழந்தையைப் போர்த்துவது போல் உறைக்குள் நுழைத்தார். அழுத பல் டாக்டர் ஈரக் கண்ணோடு அலைபேசியில் விலை பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "அந்த நாலாம் நம்பர் சீட்டக் குடுங்க மேடம். அது இருந்தாத்தான் ஒரிஜினல்னு நம்புவாங்க" என்று காசாளர் அவள் விரலிடுக்கிலிருந்தே உருவிக்கொண்டு போனார்.

அறையில் அவளும் கொழுந்தனும் மட்டும்.

"எனக்குன்னு வாங்குனியே, அதக் குடு" என்றாள்.

"அண்ணி... உங்களுக்குக் கறுப்புல ஒண்ணு வாங்கித் தர்றேனே. அதுதானே சரியாப் பாடும்?"

"சொன்னியா இல்லையா, ஒண்ணா உக்காந்து கேப்போம்னு?"

சொன்னதை இல்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை. கொடுத்தான். அவள் கண்ணாடித்தாளைக் கட்டைவிரல் நகத்தால் கிழித்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். கீழே போய்க் கணவரின் கருவிப் பெட்டியிலிருந்து உருண்டை அரம் எடுத்துவந்தாள். தட்டின் நடுத்துளையை அரம் வைத்துச் சுற்றிச் சுற்றி ராவினாள். வெள்ளைத் தூள் அவள் புடவையில் உதிர்ந்தது. துளை பெரிதானதும் தட்டைப் பிளேயரில் வைத்து, கண்ணை அதன் விளிம்புக்கு நேராக இறக்கி, விரல் நுனியால் தட்டித் தட்டி நகர்த்தினாள். முள்ளின் கை ஆடுவது குறைந்தது. விரலால் இன்னொரு முறை தட்டினாள். நின்றது. தொழிற்சாலையில் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத வேலை இது. அவளாகக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

கடைசிப் பாட்டில் முள்ளை வைத்தாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த ஒற்றைக் குரல் வந்தது, நிமிர்ந்து, இம்மி பிசகாமல், பாடுகிறவளுக்கு உள்ள வயதோடும் திமிரோடும். காதக்கா திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். புருவம் சுருங்கி, உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். வந்துவிட்டான் என்று நினைத்தாள். இவ்வளவு அசிங்கத்துக்கும் நடுவில் ஒரு ஆளாவது வந்துவிட்டான். பட்டதெல்லாம் போதும் என்று இருந்தது.

பாட்டு முடிந்தது. முள்ளைத் தூக்கினாள்.

"எப்படி இருந்துச்சு தம்பி?"

அவன் கண்ணைத் திறந்தான். "அண்ணி, கண்ணாடித்தாள மேல் பக்கமாத்தானே கிழிச்சீங்க? பக்கவாட்டுல இல்லையே? சூடு காட்டி ஒட்டுனா தெரியாதுன்னு நினைக்கிறேன். துளை பெருசானது உள்ள இருக்குறதால யாருக்கும் தெரியப் போறதில்ல. பிரிக்கவா போறாங்க?"

பேசினால் வாயில் இருப்பது அவன் முகத்தில் விழுந்துவிடும் போல இருந்தது. அட்டையைக் கக்கத்தில் இடுக்கி, தட்டைப் பிளேயரிலிருந்து எடுத்து வெறும் கையில் பிடித்துக்கொண்டு, கைரேகை பட்டாலும் படட்டும் என்று, படியை நோக்கி நடந்தாள்.

"அண்ணி! அண்ணி!" அவன் நாலு கால் பாய்ச்சலில் பின்னால் வந்தான். "கோவமா? தட்ட நீங்களே வெச்சுக்குங்க, உங்களுக்குத்தானே வாங்கினேன். அட்டைய மட்டும் குடுத்துட்டுப் போங்க."

அட்டை அவள் கக்கத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி நாலு மூலையையும் பார்த்தான். ஒன்றும் மடங்கவில்லை. அவன் முகம் தெளிந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணி" என்றான், மனதார.