என் மனைவி எண்ணெயை ஒதுக்கிய கதை

பர்மாவில், எங்கள் பசுந்தாங்குப் பேட்டையில் கடலை எண்ணெய் என்றால் என் கடைதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எண்ணெய்த் தகரத்தைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்று, பிறகு கடை வைத்தேன். பர்மாக்காரரோ நம்மவரோ, என் பேச்சைக் கேட்டவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. அப்படிப்பட்ட என்னை ஒரே ஓர் ஆள் நம்ப மறுத்தாள். என் மனைவி.

போன மழைக்காலத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஊசியால் எடுத்துச் சோதித்த சயாமா, அதாவது எங்கள் டாக்டரம்மா, காசநோய் என்றார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகும் என்றார். நான்தான் சும்மா இராமல், பூதக்கண்ணாடியில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். கிருமியோடு சண்டை போடும் உயிரணுக்கள் தெரிந்தன, அவற்றுக்குள் நிறைய எண்ணெய்த் துளிகள் இருந்தன என்றார். பக்கத்திலிருந்த இவள் காதில் அது மட்டும் விழுந்தது.

இத்தனை காலம் கடை எண்ணெயைத் தின்றதுதான் கழுத்தில் திரண்டுவிட்டது என்பது அவள் தீர்மானம். குழம்பின்மேல் எண்ணெய் மிதந்தால்தான் சமையல் என்கிற ஊரில், வெறும் சோற்றில் உப்பைப் போட்டுத் தின்றாள். மாத்திரை வயிற்றைப் பிரட்டியது. வளையல் முழங்கைவரை ஏறியது.

மறுபடி சயாமாவிடம் போய் விவரமாகக் கேட்டு வந்தேன். ஊரில் கலவரம் என்றால் நாம் அரிசி பருப்பு வாங்கி அடுக்குவதுபோல, அணு தானே அந்தத் துளிகளைச் சேர்த்துக்கொள்கிறதாம். மற்ற அணுக்களைத் துணைக்குக் கூப்பிடும் சரக்கு அதிலிருந்துதான் தயாராகிறது. வீக்கமும் காய்ச்சலும் அந்தக் கூப்பாடுதான். சமயத்தில் கிருமியே அந்தச் சேமிப்பைத் தின்று பிழைப்பதும் உண்டாம். சட்டியில் ஊற்றும் எண்ணெய் நேரே அங்கே போய் உட்காராது. எல்லாவற்றையும் அழகாகச் சொன்னேன்.

"நீங்க எண்ணெய் விக்கிறவங்க. வேற என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

வியாபாரத்தில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. போனில் சயாமாவைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தேன். இவள் பர்மியில் கேட்டது ஒன்றுதான்.

"ஒங்க ஒடம்புலயும் அந்தத் துளி இருக்கா, சயாமா?"

"இருக்கு ஆன்ட்டி. எனக்குக் காய்ச்சல் வந்தா இன்னும் கூடும். நீங்க பட்டினி கெடந்தா, ஒங்களுக்காகச் சண்டை போடுற அணுவுக்குத்தான் தெம்பு போயிரும்."

போனை என்னிடம் நீட்டினாள். பிறகு எழுந்து அடுப்பை மூட்டி, ஒரு முட்டையை எடுத்தாள். எண்ணெய் காயும் வாசனை வந்தது. நம் கடைச் சரக்கின் அருமையைப் பற்றி நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எதையாவது சொல்லி, அவள் சட்டியை இறக்கிவிட்டால்? பேசாமல் அவள் தட்டில் சோற்றைப் போட்டேன்.