ஏணி ஏறாத நடிப்பு

போன வாரம் அன்னவாசலில் ஒரு நாடகம் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட அழுதேன் என்பது சரி.

கதை, எங்கள் பக்கத்து ஓவியர் செல்வராசுவுடையது. போலியோவில் வலது கால் சூம்பியவர். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பள்ளிச் சுவர்கள் அவர் வரைந்தவை. அவராக நடித்த பாலு, அரிமளத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவர். இரண்டு மாதம் செல்வராசு பின்னாலேயே திரிந்து அந்த நடையைப் பிடித்திருக்கிறார். மேடையில் மூன்று முறை விழுந்தார். மூன்றாவதில் என் கர்சீப் நனைந்துவிட்டது.

செல்வராசு முதல் வரிசையில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்ததும் பாலுவை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடையிலிருந்து இறக்கினார்கள். செல்வராசு தானாக நடந்து வந்து கைகொடுத்தார்.

வினை அப்புறம்தான் வந்தது. தன் பள்ளியின் இரண்டு மாடி உயர முகப்புச் சுவரை வரையச் செல்வராசுவுக்குக் கொடுத்திருந்த ஹெச்.எம்., கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

"இவ்வளவு கஷ்டம்னு தெரியாமப் போச்சுங்க. இனி நீங்க ஏற வேணாம். வேற ஆள் பாத்துக்கிறோம்."

ஆறு மாதமாக வேலை இல்லாத மனிதர். அந்தச் சுவரைத்தான் நம்பியிருந்தார்.

"விழுந்தது அவரு சார்," என்றார் செல்வராசு. "நான் ஏணியில இருந்து ஒருநா கூட விழுந்ததில்ல."

யார் கேட்டார்கள்? ஹெச்.எம். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன் — வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பாலு என்னையும் செல்வராசுவையும் பள்ளிக்கு இழுத்துப் போனார். விழுந்ததெல்லாம் நாடகத்துக்காக என்று ஹெச்.எம்.மிடம் விளக்கினார். அவர் நம்பவில்லை. அவ்வளவு நல்ல நடிப்பு!

செல்வராசு பெயிண்ட் டப்பாவை இடுப்பில் கொக்கி போட்டு மாட்டினார். சூம்பிய கால் சும்மா தொங்க, சுவரில் சாத்தியிருந்த ஏணியைக் கைகளால் பற்றி விறுவிறுவென்று உச்சிக்குப் போனார். அங்கிருந்து, பிரஷ் கொண்டு வரும்படி பாலுவிடம் சொன்னார்.

பாலு ஏறினார். ஐந்தாவது படியில் கண்ணை மூடி ஏணியைக் கட்டிக்கொண்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டும் நல்ல கால்கள்தான்…

இரண்டு மாதமும் அவர் செல்வராசுவை டீக்கடையில்தான் பார்த்திருக்கிறார். ஏணியில் பார்த்ததே இல்லையாம். அவரை மட்டும் சொல்வானேன்? மாற்றுத்திறனாளி என்று வாய் சொல்கிறது. கண் காலுக்குத்தானே போகிறது?

செல்வராசு பாலுவின் தலைக்கு மேலிருந்த படி வரை இறங்கி வந்தார்.

"பயப்படாதீங்க. வலது காலை எறக்குங்க… இப்ப எடது."

ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார். ஹெச்.எம். தொண்டையைச் செருமி, சுவர் வேலையை எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்று செல்வராசுவிடம் கேட்டார்.

பாலு பிறவி நடிகர், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஐந்தாவது படியில் மட்டும் துளி நடிப்பில்லை.