கடைசி அறைக் கதவு

உள்ளே நுழைந்ததும் அவர் தரையைப் பார்ப்பதில்லை, அண்ணாந்து பார்க்கிறார். தண்ணீர்த் தொட்டியின் மூடி, சன்னல் விளிம்பு, குழாயின் வளைவு. பள்ளிக் கழிப்பறையில் பிள்ளைகள் ஒளித்து வைப்பதெல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கும் என்பது பதினாறு ஆண்டுத் துப்புரவுப் பணியில் அவர் கண்டது. மாத்திரை அட்டை, சிகரெட் துண்டு, சில நாட்களில் போதைக்காக முகர்ந்து தீர்த்த ஒயிட்னர் குப்பி.

மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் சிசிடிவி. "ஏய், சிசிடிவி வருதுடி" என்பது அவர் காதிலும் விழும். "கேமரான்னா படம் புடிச்சு வச்சுக்கும். நான் பாத்ததக் கழுவி ஊத்திருவேன்" என்பார், கை வேலையை நிறுத்தாமல்.

ஆசிட்டோடு புழங்கிப் புழங்கி அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. "மூக்கு இப்ப மூக்குத்திக்கு மட்டுந்தான்."

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் பாடம் வாசிக்கும்போது திக்கினாள். தோழிகள் அதைப் படமெடுத்து, ஆட்டுக் குரல் சேர்த்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். இரண்டே நாளில் பள்ளி முழுக்கப் பரவியது. ஆசிரியர் அறையிலும் ஓடியது. சிரித்தவர்களில் நானும் உண்டு. அதன்பின் அவள் போகும் இடமெல்லாம் யாராவது "மே" என்றார்கள். மதிய இடைவேளையில் கழிப்பறைக்குள் ஒடுங்கத் தொடங்கினாள்.

அவர்தான் கடைசி அறையில் 'பழுது' என்று அட்டை தொங்கவிட்டு அதை அவளுக்கென ஒதுக்கினார். "உள்ள தாழ் போட்டுக்க கண்ணு. ஒரு ஈ காக்கா வராது."

மூன்று வாரம் கழித்து, அட்டையை நம்பிக் குழாய்க்காரர் வந்துவிட்டார். "இங்க ரிப்பேர் ஒண்ணும் இல்லையேக்கா. ஆனா ஒயிட்னர் நெடி தலையச் சுத்துது. தினம் கழுவுறீங்க, தெரியலையா?"

அவர் வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை. அந்தப் பெண் ஒளிக்க மெனக்கெடவே இல்லை. தரை மூலையில், பழைய துடைப்பங்களுக்குப் பின்னால், ஐந்து குப்பிகள் கிடந்தன.

"ஆபீசுல சொன்னா டிசியக் கிழிச்சுக் குடுத்துருவாங்க. சொல்லாம விட்டா பிள்ளையே நமக்கு இருக்காது. தாழ் போட்டுக்கன்னு சொன்னவ நான்தானே டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார். யோசிப்போம் என்றேன். யோசிப்பது எனக்கு எளிது.

மறுநாள் மதியம் அந்தக் கதவில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

"தா... தாழ்ப்பாள் எங்கக்கா?"

"கழட்டிட்டேன். நீ உள்ள உக்காரு. கதவ நான் புடிச்சுக்கறேன்."

வெளியே "மே" என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதும் சத்தம் நின்றது. கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். வலது கையை மட்டும் பின்னால் வளைத்து, கதவிடுக்கின் வழியே உள்ளே நீட்டி, குப்பியைக் கேட்பதுபோல் உள்ளங்கையை விரித்தார். அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடித்தபோதும் அந்தக் கை மடங்காமல் அப்படியே நீண்டிருந்தது.