பெயிண்டை உரிச்சவ நான்தான்

பழைய கதவுல பெயிண்டை உரிச்சு பாலிஷ் போடுற வேலையில, கதவால வர்ற தொல்லை கம்மி. கதவுக்குச் சொந்தக்காரங்களால வர்றதுதான் ஜாஸ்தி. பழனிசெட்டிபட்டியில இருந்து பெயிண்டைச் சூடாக்கி இளக்குற ஹீட் கன், உப்புத்தாளோட ஸ்கூட்டியில கிளம்பி வீடு வீடாப் போறவ நான். அடுத்தவங்க வீட்டுக்குள்ள போய் வேலை பார்க்கிற உங்களுக்கும் இந்த வயித்தெரிச்சல் தெரிஞ்சிருக்கும்.

நம்பாத மனுஷன்

தேனியில ஒரு வீடு. வாசல்ல நின்ன என்னைப் பார்த்து, "பாலிஷ் போடுற ஆளு எப்ப வருவாக?"ன்னு கேட்டார் வீட்டுக்காரர். "நான்தாங்க அந்த ஆளு"ன்னேன். நம்பாம, சேரைப் போட்டு எதிர்லயே உக்காந்துட்டார்.

மதியம் பெயிண்ட் உரிஞ்சதும் பார்த்தா, அடிச்சட்டத்தைக் கரையான் அரிச்சிருந்தது. விரலை வச்சா உள்ள போகுது. "இதை வெட்டிட்டு வேற கட்டை சேர்க்கணும், இல்லேன்னா கதவே போயிரும்"னேன். "ஒனக்கு என்னம்மா தெரியும்?"னு ஆசாரிக்குப் போனைப் போட்டார். வந்த ஆசாரி ரெண்டு தட்டு தட்டிட்டு, நான் சொன்னதையே சொன்னார். என் பக்கம் திரும்பாமலே வீட்டுக்காரர் தலையாட்டினார்: "ஆசாரி சொல்லிட்டாகள்ல, அப்ப சரியாத்தான் இருக்கும்."

ஈரச் சேலை

உத்தமபாளையத்துல ஒரு கதவுக்குக் கடைசிக் கோட்டு பாலிஷ் அடிச்சு முடிச்சேன். "நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் தொடாதீங்கக்கா"ன்னு வீட்டுக்கார அக்காகிட்ட மூணு தடவை சொல்லிட்டுத்தான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தா, கதவு மேல ஈரச் சேலை காயுது. எடுத்துப் பார்த்தா, சேலை நெசவு அத்தனையும் பாலிஷ்ல பதிஞ்சு கிடக்கு. மறுபடி முதல்ல இருந்து தேய்க்கணும். எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்த அக்காவுக்கும் கோபம்தான்: "சேலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சே, இத இப்ப யாரு துவைக்கிறது?"

பச்சை

ராயப்பன்பட்டியில ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் வீடு. கதவுல நீலம், காவி, சாம்பல்னு ஒண்ணு மேல ஒண்ணா ஆறு பூச்சு. நாலு நாள் உரிச்சேன். உள்ளேயிருந்து மஞ்சளா மினுங்குற பலா மரம் வெளிய வந்தப்ப, நானே கொஞ்ச நேரம் கையைக் கட்டிட்டுப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

சார் வந்தார், தடவிப் பார்த்தார். "நல்லா சுத்தம் பண்ணியிருக்கே. இது மேல பச்சைப் பெயிண்ட் அடிச்சிரும்மா"ன்னார். உரிக்கிற பிளேடைக் கீழ வச்சிட்டேன். "பச்சை அடிக்க வேற ஆளைக் கூப்பிடுங்க சார்"னேன். அவர் கொஞ்சம் யோசிச்சு, பெரிய மனசோட இறங்கி வந்தார்: "சரி, கோவிக்காத, உள்பக்கம் ஒன் இஷ்டம், வெளிப்பக்கம் பச்சை."

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன், கோபத்தோட தேய்ச்சாத்தான் கதவு நல்லா வருது, இந்த ஊர்ப்பக்கம் எனக்குக் கோபத்துக்குப் பஞ்சமே இல்ல.